கடலோர விளைகளில் கூடார விடுதி

இங்கிலாந்து தேசத்தின் கடலோரக் கிராமங்களில் கோடைகாலத்தைக் கூடாரத்தில் கழிப்பது வெகுநாளைய வழக்கம். ஈரத்தரையில் விரிப்பைப் போட்டு, சிறு அடுப்பில் தாமே சமைத்து, மழை வந்தால் நனைந்து வீடு திரும்புவதே முன்பெல்லாம் கூடாரவாசமாக இருந்தது. இப்போது அதற்குப் புது உருவம் ஏற்பட்டிருக்கிறது. விசாலமான கான்வாஸ் கூடாரத்துள் கட்டில், மெத்தை, மின்விளக்கு எல்லாம் அமைத்து, அருகிலேயே வெந்நீர்க் குளியலறையும் கட்டி, ஓட்டல் அறைக்கு ஈடான வாடகைக்கு விடுகிறார்கள். இதனைக் ‘கிளாம்பிங்’ என்கிறார்கள். கவர்ச்சியைக் குறிக்கும் சொல்லையும் கூடாரமடித்தலைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டுப்போட்டுத் தைத்த இச்சொல்லை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2016ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. தமிழில் சொகுசுக் கூடாரம் என்றால் போதுமானது.

இது எங்கோ நடக்கும் வேடிக்கை என்று கல்குளம் தாலூகா நிலச்சுவான்தார்கள் ஒதுக்கிவிடுவதற்கில்லை. 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் இருப்புப்பாதையில் இரணியல் ஒரு நிலையம். அங்கே இறங்குகிறவருக்கு முட்டமும் குளச்சலும் மண்டைக்காடும் சில மைல் தூரத்திலேயே இருக்கின்றன. வடக்கே பத்மநாபபுரம் அரண்மனையும் அதிக தூரமில்லை. முட்டத்துச் செம்பாறைகளும் கலங்கரை விளக்கமும் 1980க்குப் பின் வந்த திரைப்படங்களால் தமிழ்நாடெங்கும் தெரிந்தவையாயின. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்டது முதல் மேற்குக் கடற்கரைப் பக்கமும் பிரயாணிகளின் கண் திரும்புவது இயல்பே. கடலோர விளையுடையவரைத் தேடி, ‘தென்னைக்கு ஒரு குறையும் வராது, கூடாரம் மட்டும் போட்டுக்கொள்கிறோம்’ என்று யாராவது வந்தால், அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது. அவ்வாறு வருகிறவர் கையில் முன்பணத்துடனேயே வருவார். அச்சமயத்தில் யோசனைக்கு நேரமிராது.

அந்தத் தேசத்துக் குடியானவர்கள் இத்தொழிலில் இறங்கியதற்குக் காரணம் உண்டு. நிலப்பரப்பைக் கணக்கிட்டு அவர்களுக்குக் கிடைத்துவந்த நேரடி உதவித்தொகை இங்கிலாந்தில் 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மாட்டுத்தீவனப் புல் அறுத்த வெளியில் சில வாரம் கூடாரம் போட்டு அந்தக் குறையை ஈடுசெய்யப் பலர் முயன்றார்கள். 2023 ஜூலை மாதம் அமலுக்கு வந்த விதி ஒன்று இதற்கு இடங்கொடுத்தது. தனி அனுமதி பெறாமலே ஒரு நிலத்தில் 50 கூடாரங்கள் வரையில், வருஷத்தில் 60 நாள் மட்டும் போடலாம். கழிப்பறைக்கும் கழிவை அகற்றுவதற்கும் ஏற்பாடு இருந்தாக வேண்டும். நிலத்தின் வரைபடத்தையும், கூடாரம் நிற்கும் தேதிகளையும் ஒவ்வொரு வருஷமும் ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெள்ளம் புகும் தாழ்நிலமானால் முன்னதாகவே சம்மதம் பெறவேண்டும். இவ்விதியின் சாரத்தை இங்குள்ளவர்கள் கவனிக்கவேண்டும். அறுபது நாள் கழிந்ததும் அந்த நிலம் மறுபடியும் புல்வெளியாகிவிடுகிறது, உடையவரும் மாறுவதில்லை.

அதே தேசத்தில் நிலமும் வீடும் கைமாறிப்போன இடங்களின் கதை வேறு. கார்ன்வால் பகுதியிலுள்ள செயிண்ட் ஐவ்ஸ் ஒரு பழைய மீன்பிடி ஊர். வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறைக்கென்று வீடுகளை வாங்கிக்கொண்டே போனதால், ஊர்ப்பிள்ளைகள் குடியிருக்க வீடு கிடைக்காமல் திண்டாடினார்கள். 2016 மே மாதத்தில் ஊரார் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கே உரியவை என்று முடிவு செய்தார்கள். அதற்குமுன் விலைபோன வீடுகளை அம்முடிவு மீட்டுத் தரவில்லை.

இரணியல் பக்கத்து நிலங்கள் இருவகை. மேட்டிலுள்ளவை விளைகள், தென்னை, மா, பலா, மரச்சீனி, வாழை ஆகியவை அங்கே நிற்கின்றன. பள்ளத்திலுள்ளவை ஏலாக்கள், கன்னி மாதத்தில் அறுக்கும் கன்னிப்பூவும் கும்ப மாதத்தில் அறுக்கும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் நெல் விளைந்த நஞ்சைகள். கூடாரத்தைப் பற்றிய அபிப்பிராயம் இந்தப் பாகுபாட்டிலிருந்தே தொடங்கவேண்டும். விளையில் கூடாரம் போடுவதை முழுதும் மறுக்கக் காரணமில்லை. ஏலாவிலோ ஒரு கூடாரமும் கூடாது. ஏலாவை நிரப்பாமல் அங்கே கட்டில் போட முடியாது. ஒரு வயலை மண்ணிட்டு உயர்த்தினால் மேல்வயலில் நீர் தேங்கும், கீழ்வயலுக்கு நீர் வராது. ஒருவர் பெறும் வாடகைக்காக அவருடைய வரப்புக்கு இருபுறமும் உள்ளவர்கள் நெல்லை இழப்பார்கள். ஏற்கெனவே வாழைக்கும் தென்னைக்கும் வீட்டுமனைக்கும் போனது போக மிஞ்சியுள்ள ஏலாக்கள் கொஞ்சமே.

பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலாக 28 தூண்களின்மீது, 115 அடி உயரத்தில், 1966இல் தொட்டிப்பாலம் கட்டப்பட்டது. இரண்டும் இத்தாலூகாக்களின் வயல்களுக்கு நீர் கொண்டுவருவதற்காகவே ஏற்பட்டவை. தொட்டிப்பாலத்தின்மேல் நடந்து படமெடுத்துக்கொள்ளும் பிரயாணி, அதன் வழியே ஓடும் நீர் எங்கே போகிறதென்று பெரும்பாலும் கேட்பதில்லை. அந்த நீர் பாயும் வயலுக்கு உடையவரும் அதைக் கேட்காமற்போனால் பாலம் வேடிக்கைக்கே நிற்கும்.

இனி, விளையில் கூடாரம் போடுவதாயின் கவனிக்க வேண்டியவை பல. 25 அடிக்கு 25 அடி என்று சிபாரிசு செய்யப்பட்ட இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 தென்னை நிற்கும். நான்கு மரங்களுக்கு நடுவே ஒரு கூடாரம் கொள்ள இடமிருப்பதுபோல் காகிதத்தில் தோன்றும். ஆயினும் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஆறடி ஆரத்துக்கு உரமும் நீரும் இடும் தடம் இருக்கிறது. அங்கே கால் மிதிபட்டு மண் இறுகினால் காய்ப்பு குறையும். அதைவிட மேலிருந்து விழும் நெற்றும் மட்டையும் பெரிய ஆபத்து. ஆகையால் காய்க்கும் மரத்தின் கீழ் கூடாரம் கூடவே கூடாது. மரம் பட்டுப்போய் வெறுமையான இடம், விளையின் ஓரம், மாவின் நிழல் ஆகியவையே தக்க இடங்கள். அருகிலுள்ள தென்னைகளில் நெற்று முற்றவிடாமல் இளநீராகவே வெட்டிவிடலாம். விருந்தினருக்கும் அது உதவும். மரமேறுபவர் கிடைப்பதே அரிதாயுள்ள இக்காலத்தில் இது சொல்வதற்குத்தான் எளிது. ஓலைக்கூரையை அழகுக்காகக் கூடாரத்தின்மேல் வேய்கிறவர்கள், நனைந்த ஓலையின் பாரத்தை மறந்துவிடுகிறார்கள். வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே 2025 மே மாதத்தில் மரமும் புல்லுங்கொண்டு அமைத்த கூரை கூடாரத்தின்மேல் சரிந்து, தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

தண்ணீர்க் கணக்கை யாரும் முதலில் எழுதிப் பார்ப்பதில்லை. ஓட்டலில் தங்குகிறவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று இந்திய அளவுத்திட்டம் வகுத்திருக்கிறது. ஒரு கூடாரத்தில் இருவர் தங்கினால் 360 லிட்டர். பத்துக் கூடாரங்களுக்கு 3,600 லிட்டர். தென்னைக்குச் சொட்டுநீர் முறையில், பிப்ரவரி முதல் மே வரையுள்ள வெயில் மாதங்களில், மரமொன்றுக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் வேண்டுமென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. பத்துக் கூடாரத்தின் தண்ணீர் ஏறத்தாழ 55 தென்னைக்குரிய தண்ணீராகும். பிரயாணிகள் அதிகமாக வரும் சித்திரை மாதமும் கிணறு தாழும் மாதமும் ஒன்றே. நீராடும் குளமொன்றும் அமைப்போம் என்று வருகிறவர் சொல்வாராயின், அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கடலுக்கு அருகிலுள்ள கிணறுகளின் தன்மையை அங்குள்ளவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அந்த மணலில் நல்ல நீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீரின் மட்டம் ஓரடி தாழ்ந்தால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீரின் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலெழும்பும் என்பது நிலத்தடி நீர் நூலார் கண்ட கணக்கு. மோட்டார் வைத்து ஒருவர் இறைக்க, பக்கத்து விளையின் கிணறு உவர்த்துப் போவது இதனாலேதான். ஒருமுறை உவர்த்த கிணறு மறுபடி தெளிய எத்தனை மழைக்காலம் ஆகுமென்று சொல்ல முடியாது. கழிப்பறைக் குழியோ கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கவேண்டும். மணற்பாங்கான நிலத்தில் அதுவும் போதாது. வெளிமலையில் பிறந்து கடியப்பட்டினத்தருகே கடல் சேரும் வள்ளியாற்றிலோ அதற்கு வரும் ஓடைகளிலோ இக்கழிவைத் திருப்பிவிடுகிறவர், தம்முடைய விருந்தினர் மறுநாள் கால் நனைக்கும் கரைக்கே அதை அனுப்புகிறார்.

கடற்கரை மணலில் கூடாரம் போடலாமா என்ற கேள்வியும் எழும். அந்த மணல் விளையுடையவர்களுடையதன்று. அங்கே மீன்பிடிப்பவர்கள் படகேற்றுகிறார்கள், வலை உலர்த்துகிறார்கள், கரமடி இழுக்கிறார்கள். அதற்குமேல் சட்டமும் இருக்கிறது. 1991இல் முதன்முதல் வெளியிடப்பட்டு, 2011இலும் 2019இலும் திருத்தி வகுக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை விதிகள், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் என்னென்ன செய்யலாம் என்று வரையறுத்துள்ளன. ஜனநெருக்கமில்லாத கிராமக் கடற்கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பலாகாது. கூடாரம்தானே, கட்டடமல்லவே என்று வாதிப்பவர்கள், காசியில் கங்கையின் மணற்பரப்பில் 2023 ஜனவரியில் பெரிய ஆடம்பரத்தோடு எழுந்த கூடார நகரத்தின் கதியை அறிந்துகொள்ளலாம். அது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் விசாரணைக்கு வந்தது. மறுபடியும் அங்கே அமைக்கலாகாது என்று தீர்ப்பாயம் அதே ஆண்டில் தடுத்துவிட்டது.

சட்டம் ஒருபுறமிருக்க, இந்தக் கடலையும் நினைக்கவேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நேர்ந்ததைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கடலுக்குப் போனவர்களைக் கொண்டுபோனதோடு, கரையில் தென்னையையும் வாழையையும் ரப்பரையும் சாய்த்தது. காற்றோ மழையோ இல்லாத நாளில் தூரதேசத்துப் புயலால் எழுந்து வரும் பேரலையைக் ‘கள்ளக்கடல்’ என்று மீனவர்கள் சொல்வார்கள். 2024 மே 6ஆம் தேதி, எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தும், கணபதிபுரத்து லெமூர் கடற்கரையில் அத்தகைய அலையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மாண்டார்கள். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இந்தக் கடலின் குணம் தெரியாது. கூடாரம் போட்டு வாடகை வாங்குகிறவருக்கு அதைச் சொல்லும் கடமை உண்டு; தினசரி வரும் கடல்நிலை அறிக்கையைக் கேட்டுத் தடுக்கும் கடமையும் உண்டு. வள்ளமும் வலையும் அறிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளாத கடலோர விடுதி நடக்கத் தகுதியற்றது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இத்தொழிலை நடத்துவது யார் என்பது. திருவாங்கூரோடு ஒன்றாயிருந்த கோவளத்தை இதற்கு உதாரணமாக நோக்கலாம். 1970ஆம் ஆண்டுகளில் அங்கே பெரிய ஓட்டல் எழுந்ததும் கரையோரத் தோப்புகளுக்கு விலை ஏறியது. முதல் ஏற்றத்தில் விற்றவர்களுக்கு அதற்குப் பின் வந்த ஏற்றங்களில் ஒரு பங்கும் இல்லை. மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கத்துக் குடியானவர்கள் வேறுவிதமாய்ச் செய்தார்கள். அங்கே 2005ஆம் ஆண்டு முதல் பண்ணைச் சுற்றுலா என்ற ஏற்பாடு நடந்துவருகிறது. கரும்பும் காய்கறியும் விளைகிற பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, வீட்டுச் சாப்பாடு போட்டு, மாட்டுவண்டியில் வயலைக் காட்டுகிறார்கள், நடத்துகிறவர் அந்நிலத்துக்குடையவரே. மகாராஷ்டிர அரசு 2020இல் இதற்கென்று தனிக் கொள்கையும் வகுத்தது. கேரளத்துக் குமரகத்தில் 2008ஆம் ஆண்டு முதல் காய்கறி, மீன், பால் முதலியவற்றை ஊராரிடமிருந்தே ஓட்டல்கள் வாங்குவதென்று பஞ்சாயத்தின் முன்னிலையில் ஏற்பாடாயிற்று.

இரணியல் நிலச்சுவான்தார் தாமே நடத்த இயலாமல் பாட்டத்துக்கு விட விரும்பினால், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட எந்தப் பாட்டச்சீட்டும் பதிவு செய்யப்படவேண்டும் என்பதை நினைவிலிருத்த வேண்டும். முப்பது வருஷப் பாட்டம் என்பது பேரளவில் பாட்டம். உள்ளபடி அது தவணையில் செய்யும் விற்பனை. காங்கிரீட் மேடையில்லாமல் கூடாரம் நிற்காது என்று பாட்டத்துக்கு வருகிறவர் சொல்வாரேயானால், அவர் போடப்போவது கூடாரமன்று. கழற்றிச் சுருட்டி வண்டியிலேற்றக் கூடியதாயிருப்பதே கூடாரத்தின் சிறப்பு. மரமேடையும் கயிறும் ஆப்பும் போதும். பாட்டம் கொள்பவர் தென்னையை வெட்டலாகாது, தேங்காய் உரிமை உடையவருக்கே, கிணற்றில் இவ்வளவுக்கு மேல் இறைக்கலாகாது, பாட்டம் முடிந்தால் தடம் தடமாயிருக்கக் காணவேண்டும் என்று சீட்டில் எழுதிக்கொள்ள வெட்கப்படவேண்டியதில்லை. பெரிய கம்பெனியார் அச்சடித்துக் கொண்டுவரும் சீட்டில் இவை இருப்பதில்லை.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இதில் வேலை உண்டு. நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கலெக்டரின் இசைவும் அதற்குமுன் வேளாண்மைத் துறையின் அபிப்பிராயமும் அவற்றின்படி வேண்டும். அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமாவது கிராமக் கணக்கில் எழுதியிருக்கும் சாகுபடியே. நெல் அறுத்த ஏலாவைத் ‘தரிசு’ என்று இரண்டு பசலி எழுதிவிட்டால், மூன்றாவது பசலியில் அது மனையாவதைத் தடுக்க யாராலும் ஆகாது. மின்சாரத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். சாகுபடிக்கென்று இலவசமாகத் தரப்படும் மின்னிணைப்பிலிருந்து கூடாரத்துக்கு விளக்கும் வெந்நீரும் எடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி குற்றமான உபயோகம். இருமடங்கு கட்டணம் விதிப்பார்கள். வெளிநாட்டார் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்கவேண்டும். இவற்றை அறியாமல் நடத்தி அபராதம் கட்டியபின் ‘ஊர்க்காரர்கள் பொறாமையால் காட்டிக்கொடுத்தார்கள்’ என்று சொல்வதில் பயனில்லை.

கூடார வாடகையிலேயே லாபமெல்லாம் அடங்கியிருப்பதாகவும் எண்ண வேண்டாம். உப்புக்காற்றில் கான்வாஸ் சீக்கிரம் இற்றுப்போகும், இரும்புக்கால் துருவேறும். லாபம் சமையற்கட்டிலும் விளையிலும் இருக்கிறது. மட்டிப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது; ஈத்தாமொழித் தென்னைக்கு அதற்குமுன்பே கிடைத்தது. மரச்சீனியும் மீன்குழம்பும், சக்கைப்பழமும், பனங்காலத்தில் அக்கானியும் கருப்பட்டியும் விருந்தினர் இலையில் விழுமானால், சந்தையில் தரகருக்குக் கொடுக்கும் விலையைவிட மிகுதியாக உடையவருக்கு நிற்கும். கட்டில் விரிப்பும் துண்டும் இரணியல் கைத்தறியிலேயே நெய்து வாங்கலாம். இவ்வூரின் பேர் வெளியே தெரிந்தது அத்தறிகளால்தான். இவற்றைத் திருவனந்தபுரத்துக் கடையில் வாங்கிவந்து போடும் விடுதியால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று பஞ்சாயத்தார் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் உண்டாகையால், கூடாரம் நிற்கத்தக்க காலம் தை பிறந்து வைகாசி நடுப்பகுதி வரையில்தான். இடவப்பாதி மழை தொடங்குமுன் கான்வாஸை வெயிலில் உலர்த்தி, மடித்து, வைக்கோற்புரையின் பரணில் ஏற்றிவிட வேண்டும். மேடைப்பலகையைப் பெயர்த்த இடத்தில் மண்ணைக் கொத்திவிட்டு, தென்னைத் தடங்களில் தழையுரம் இட மழைக்குமுன் பத்து நாள் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் ஆனி மாதத்தில் ஒருமுறை அந்த விளைகளைப் பார்த்து, எந்தப் புல எண்ணில் எத்தனை கூடாரம் நின்றது, எந்தத் தேதியில் பெயர்க்கப்பட்டது, எது இன்னும் பெயர்க்கப்படாமல் நிற்கிறது என்று குறித்து வைப்பாராக.